புஷ்மீது கோலாலம்பூரில் வந்த தீர்ப்பு: ஒரு செய்தி எப்படிச் செய்தியாகாமல் போகிறது

2011 நவம்பர் 22ஆம் தேதி கோலாலம்பூரில், மலேசியாவின் முன்னாள் பிரதமர் துன் மகாதீர் முன்னின்று தொடங்கிய, அரசு சாராத போர்க்குற்றத் தீர்ப்பாயத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக ஒரு தீர்ப்பை வழங்கினார்கள். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், பிரிட்டனின் முன்னாள் பிரதமர் டோனி பிளேர் இருவரும் 2003இல் ஈராக்மீது சட்டவிரோதமாகப் படையெடுத்து, அமைதிக்கு எதிரான குற்றம் புரிந்தவர்கள் என்பது தீர்ப்பு. விசாரணை நான்கு நாள் நடந்தது. தலைமை வகித்தவர் மலேசியக் கூட்டரசு நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி அப்துல் காதிர் சுலைமான். வழக்கை நடத்தியவர்கள் நம் ஊர்ச் சட்டப் பேராசிரியர் குர்டியால் சிங் நிஜாரும் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் பிரான்சிஸ் பாயிலும். குற்றம் சாட்டப்பட்ட இருவருக்கும் அறிவிப்பு போனது, அவர்கள் வரவில்லை. அவர்கள் தரப்பை எடுத்துப் பேச வழக்கறிஞர்களைத் தீர்ப்பாயமே நியமித்தது.

மறுநாள் மலேசியப் பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. நியூயார்க்கிலும் லண்டனிலும் பெரிய ஏடுகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. சர்வதேசச் சட்ட அறிஞர் ரிச்சர்ட் ஃபாக் அல் ஜசீராவில் விரிவாக எழுதினார். அந்த மாதிரிச் சில கட்டுரைகளைத் தவிர, கிணற்றில் போட்ட கல்தான்.

ஏன் என்று கேட்டால் நம் கடைத்தெருவில் உடனே ஒரு பதில் வரும்: “வெள்ளைக்காரன் பத்திரிகை மறைச்சிட்டான்.” முழுப் பொய் என்று அதைத் தள்ள முடியாது. ஆனால் ஒன்றை மறைக்க வேண்டுமானால் முதலில் அது கைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு போர் சட்டப்படியானதா என்ற கேள்வி பெரும்பாலும் செய்தி மேசைக்கு வந்தே சேர்வதில்லை. அதை ஒரு பதவி தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. ஓர் அமைச்சரோ, எதிர்க்கட்சித் தலைவரோ, ஐ.நா. தலைமைச் செயலாளரோ வாய் திறந்தால் கேள்வி அச்சில் ஏறும். பதவியில் இருப்பவர் எவரும் கேட்காவிட்டால் ஏறாது. வாஷிங்டனில் நடந்தது அதுதான். இங்கே கோலாலம்பூரிலும் அதுதான் நடந்தது, வேறு உடையில்.

சட்டம் என்ன சொன்னது

சட்டம் அப்படியொன்றும் புரியாத விஷயம் அல்ல. ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு ஒரு நாடு இன்னொரு நாட்டின்மீது படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. விதிவிலக்கு இரண்டு. தன்மீது ஆயுதத் தாக்குதல் நடந்தால் 51ஆம் பிரிவின்படி தற்காத்துக்கொள்ளலாம். அல்லது பாதுகாப்பு மன்றம் அனுமதி தர வேண்டும். ஈராக் யாரையும் தாக்கவில்லை. ஆகவே பாதுகாப்பு மன்றத்தின் அனுமதி இருந்ததா என்பது மட்டும்தான் மிச்சக் கேள்வி.

2002 நவம்பர் 8ஆம் தேதி நிறைவேறிய தீர்மானம் 1441, ஒத்துழைக்காவிட்டால் கடும் விளைவுகள் வரும் என்று ஈராக்கை எச்சரித்தது. 1990இல் குவைத்தை மீட்கத் தந்த தீர்மானம் 678இல் இருந்த, தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம் என்ற அனுமதி இதில் இல்லை. அந்தப் பழைய அனுமதியே உயிர்பெற்றுவிட்டது என்பது லண்டனும் வாஷிங்டனும் சொன்ன வாதம். பிரிட்டிஷ் சட்டத்துறைத் தலைவர் கோல்ட்ஸ்மித் 2003 மார்ச் 7ஆம் தேதி பிளேருக்கு எழுதிய ஆலோசனையில், இரண்டாவது தீர்மானம் ஒன்றை வாங்குவதே பாதுகாப்பான வழி என்று சொல்லியிருந்தார். பத்தே நாளில் நாடாளுமன்றத்துக்குத் தந்த குறுகிய பதிலில் அந்தத் தயக்கம் மறைந்துபோனது. முழு ஆலோசனை அமைச்சரவைக்குக் காட்டப்படவில்லை. வெளியுறவு அமைச்சின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் இது ஆக்கிரமிப்புக் குற்றத்துக்குச் சமம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டார்.

கோலாலம்பூர்த் தீர்ப்பாயம் இந்த வாதங்களைத்தான் எடைபோட்டது. 1441 அனுமதி ஆகாது, தற்காப்பு என்ற வாதம் நிற்காது, மனிதாபிமானத் தலையீடு என்று சொல்லிப் படையெடுக்கவும் முடியாது என்று முடிவெடுத்தது. இருவர் பெயரையும் போர்க்குற்றவாளிகள் பதிவேட்டில் சேர்க்கச் சொன்னது. யாரையும் கைது செய்யும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

நமக்கு இந்தச் சட்டம் புதிதும் அல்ல. ஆக்கிரமிப்புப் போர் தொடுப்பதே ஒரு குற்றம் என்பது நூரம்பெர்க்கிலும், அப்புறம் 1948 நவம்பரில் டோக்கியோவிலும் வந்த தீர்ப்புகளில் நிலைநின்றது. டோக்கியோவில் கூண்டில் நின்ற ஜப்பானியத் தலைவர்கள் தொடங்கிய போர்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தாத்தாக்களைச் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனது. அந்தத் தலைமுறைக்கு 2(4) தெரியாது. அது எதற்காக எழுதப்பட்டது என்பது நன்றாகவே தெரியும்.

போருக்கு முன் இருந்த மௌனம்

தீர்ப்பாயத்தைக் கண்டுகொள்ளாததற்குக் காரணம் சொல்வது சுலபம்: அது அரசு நீதிமன்றம் அல்ல. சரி, போருக்கு முன்னால் என்ன செய்தார்கள்?

ரிச்சர்ட் ஃபாக்கும் ஹவர்ட் ஃபிரியலும் நியூயார்க் டைம்ஸின் தலையங்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்கள். 2001 செப்டம்பர் 11 முதல் 2003 மார்ச் 20 வரை ஈராக்கைப் பற்றி 70 தலையங்கங்கள். அவற்றில் ஐ.நா. சாசனம் என்ற பெயரோ சர்வதேசச் சட்டம் என்ற சொல்லோ ஒருமுறைகூட வரவில்லை என்பது அவர்கள் கண்டது. இத்தனைக்கும் அந்தப் பத்திரிகை கடைசி நேரத்தில் போரை எதிர்த்தது. எதிர்த்த காரணங்களில் கூட்டணி போதாது, நேரம் சரியில்லை என்பதெல்லாம் இருந்தன. 2004 மே மாதம் பேரழிவு ஆயுதச் செய்திகளில் தாங்கள் போதிய கண்டிப்போடு இருக்கவில்லை என்று வாசகர்களுக்கு ஒரு குறிப்பும் வெளியிட்டது. அதிலும் பேச்சு ஆயுதம் இருந்ததா இல்லையா என்பதைப் பற்றித்தான். ஆயுதமே இருந்திருந்தாலும் படையெடுக்க அனுமதி இருந்ததா என்ற கேள்வி அங்கேயும் எழவில்லை.

தொலைக்காட்சி இன்னும் மோசம். போரின் முதல் மூன்று வாரங்களில் ஆறு அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தி நிகழ்ச்சிகளில் தோன்றியவர்களை ஃபேர் என்ற ஊடகக் கண்காணிப்பு அமைப்பு எண்ணிப் பார்த்தது. பேச வந்த அமெரிக்கர்களில் போரை எதிர்த்தவர்கள் 3 விழுக்காடு.

இதற்குத் தணிக்கை எதுவும் தேவைப்படவில்லை. 2002 அக்டோபரில் போருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் அமெரிக்கக் கீழவையில் 296க்கு 133 என்றும் செனட்டில் 77க்கு 23 என்றும் நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைகள் ஆதரித்து ஓட்டுப் போட்டுவிட்டார்கள். நாடாளுமன்றம் அனுமதித்துவிட்டால் சட்டப் பிரச்சினை முடிந்தது என்ற எண்ணம் அங்கே ஊறிப்போன ஒன்று. ஐ.நா. சாசனமும் அமெரிக்கா கையெழுத்திட்ட ஒப்பந்தம்தானே என்று மைக் முன்னால் வந்து கேட்க எதிரணியிலும் கனமான ஆள் இல்லை. நிருபருக்கு மேற்கோள் காட்ட வாய் கிடைக்காதபோது செய்தி எப்படி வரும்?

பிரிட்டனைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே சட்டக் கேள்வி வருடக்கணக்கில் முதல் பக்கச் செய்தி. பிரிட்டிஷ் நிருபர்கள் மட்டும் நேர்மையானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பிளேரின் அமைச்சர் ராபின் குக் பதவி விலகினார், வில்ம்ஸ்ஹர்ஸ்ட் விலகினார், லிபரல் டெமக்ராட் கட்சி போரை எதிர்த்தது. 2005 ஏப்ரல் கடைசியில், பொதுத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, கோல்ட்ஸ்மித்தின் ஆலோசனை கசிந்தது. அரசாங்கத்துக்குள்ளேயே பிளவு இருந்தது, அந்தப் பிளவு செய்தியைச் சுமந்து வந்தது. 2004 செப்டம்பரில் அப்போதைய ஐ.நா. தலைமைச் செயலாளர் கோஃபி அன்னான் பிபிசி பேட்டியில், சாசனத்தின் பார்வையில் அந்தப் போர் சட்டவிரோதமானது என்று சொன்னபோது உலகமெங்கும் ஒருநாள் தலைப்பாக ஓடியது. அதையே அதுவரை எத்தனையோ சட்டப் பேராசிரியர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிதான் புதிது. போரை ஆதரித்த பென்டகன் ஆலோசகர் ரிச்சர்ட் பெர்ல்கூட 2003 நவம்பரில் லண்டனில், சரியானதைச் செய்வதற்குச் சர்வதேசச் சட்டம் குறுக்கே நின்றது என்று ஒப்புக்கொண்டார். அவரைத் திரும்பத் திரும்ப மடக்கிக் கேட்டவர்கள் அதிகம் பேர் இல்லை.

நம் பக்கம்

இந்த இடத்தில் நம் ஊருக்கு வர வேண்டும். அந்த நவம்பரில் நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுப் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பக்கம் எப்படித் தயாராகும் என்று தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். சாயங்காலத்துக்குள் முடித்து அனுப்பும் பக்கம் அது. உள்ளூர்ச் செய்திக்கும் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) அறிக்கைக்கும் கோயில் திருவிழாவுக்கும் இரவு வரை காத்திருப்பார்கள், வெளிநாட்டுக்குக் காத்திருக்க மாட்டார்கள். ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, பெர்னாமா ஆகிய மூன்று செய்தி நிறுவனங்களின் வயரில் வந்ததைத் தமிழாக்கி, இருக்கும் இடத்துக்கு வெட்ட வேண்டும். பிற்பகலில் ஒரு நினைவஞ்சலி விளம்பரம் வந்துவிட்டால் கால் பக்கம் போய்விடும். வெட்டும்போது முதலில் போவது கடைசிப் பத்திகள். சட்ட விளக்கம் எப்போதும் கடைசிப் பத்தியில்தான் இருக்கும்.

தீர்ப்பு வந்த அன்று எங்கள் மேசையில் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

“தம்பி, பெர்னாமா காப்பிய வெச்சு ஆறு பாரா போடு. துன் படம் பெருசா வரட்டும்.”

“தீர்ப்புல என்ன காரணம் சொன்னாங்கன்னு ஒரு பெட்டிச் செய்தி போடலாமாண்ணே?”

“அத யாரு லா படிப்பா? துன் என்ன சொன்னாரு, அதப் போடு.”

அண்ணன் கெட்டவர் அல்ல. நாற்பது வருஷ அனுபவம் அவருக்கு. எது விற்கும், எது அச்சக உரிமத்துக்கு வம்பு இழுக்காது என்பதை விரல் நுனியில் வைத்திருந்தவர். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் கீழ் பத்திரிகை உரிமத்தை அப்போது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1987 அக்டோபரில் ஒப்பராசி லாலாங் என்ற போலீஸ் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிப் பிடித்து வைக்கப்பட்டதையும், ஸ்டார், சின் சியூ, வாத்தான் என மூன்று பத்திரிகைகளின் உரிமம் பறிபோனதையும் பார்த்த தலைமுறை அவருடையது. அன்று பிரதமராக இருந்தவர் துன் மகாதீர். போரைக் குற்றமாக்குவோம் என்று 2005 டிசம்பரில் கோலாலம்பூரில் முழக்கத்தைத் தொடங்கி, தீர்ப்பாயம் வரை கொண்டுவந்தவரும் அவர்தான்.

ஆக இங்கேயும் செய்தியை ஒரு பெரிய பதவிதான் சுமந்து வந்தது. துன் இருந்ததால் பக்கம் கிடைத்தது, ஆனால் அது துன் பற்றிய செய்தியாகவே கிடைத்தது. புஷ்ஷுக்கு எதிராக மலேசியா தலைநிமிர்ந்தது என்ற பெருமிதம் வந்தது. 678 எங்கே நின்றது, 1441 எங்கே நின்றது என்ற வாதம் வரவில்லை. அமெரிக்கர்களுக்கு இந்த வழக்கே தெரியாது, நமக்கு வழக்கு தெரியும் வாதம் தெரியாது. எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தீர்ப்பாயத்தின் ஓட்டைகளையும் நம் பத்திரிகைகள் தொடவில்லை. வழக்கைத் தொடங்கிய இயக்கமே நீதிபதிகளையும் அமர்த்தியது. முடிவு என்னவாக இருக்கும் என்று முதல் நாளே யாரும் ஊகித்திருக்கலாம். 2012 மே 11ஆம் தேதி அடுத்த தீர்ப்பு வந்தது. புஷ், அவருடைய துணை அதிபர் டிக் செனி, தற்காப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், அவர்களின் சட்ட ஆலோசகர்கள் ஐவர் என எண்மரும் சித்திரவதைக் குற்றவாளிகள். அமெரிக்காவின் குவாந்தனாமோ சிறையில் அடைபட்டிருந்த மோசம் பெக் நேரில் வந்து சாட்சி சொன்னார். விசாரணையின்றி மனிதரை அடைத்து வைப்பதைப் பற்றி அந்த அரங்கில் அத்தனை பேச்சு நடந்த அன்று, நம்முடைய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருந்தது. அது நீக்கப்பட்டது அந்த ஆண்டு ஜூலை 31இல். மலேசிய இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃப்பின் தலைவர்கள் ஐவரை 2007 டிசம்பரில் கமுந்திங் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனது அதே சட்டம். செந்தூலிலும் கிள்ளானிலும் இருந்த நம் வாசகர்கள் இந்த இரண்டையும் தாங்களே சேர்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். பத்திரிகை சேர்த்து எழுதவில்லை.

இந்த ஓட்டைகளால் சட்ட வாதம் பொய்யாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்து அரசு அமைத்த டேவிட்ஸ் ஆணையம் 2010 ஜனவரியில், அந்தப் படையெடுப்புக்குச் சர்வதேசச் சட்டத்தில் போதிய ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அந்த ஆணையத்துக்கும் துன் மகாதீருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வேறு இடத்தில் வழக்குப் போட்டிருக்கலாமே என்றால், இடம் இருக்கவில்லை. 2006 பிப்ரவரியில் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் மொரேனோ ஒக்காம்போ, ஆக்கிரமிப்புக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த அதிகாரம் நடைமுறைக்கு வந்தது 2018 ஜூலையில். அப்போதும் பாதுகாப்பு மன்றமே வழக்கை அனுப்பினாலொழிய, உறுப்பியம் பெறாத நாட்டின் குடிமக்களைத் தொட முடியாது.

வயர் இல்லாமல் வந்த போர்

பெரிய இடத்து ஆள் யாரும் பேசாமலும் ஒரு போர் பக்கத்தில் ஏறுமா? ஏறும், நாங்களே ஏற்றியிருக்கிறோம். 2009இல் முள்ளிவாய்க்கால் நடந்தபோது மலேசியத் தமிழ் நாளிதழ்கள் ராய்ட்டர்ஸுக்காகக் காத்திருக்கவில்லை. தொலைபேசியில் உறவினர்கள் சொன்னது, வெளிநாட்டுத் தமிழர்கள் அனுப்பியது, இணையத்தில் வந்தது எல்லாவற்றையும் எடுத்துப் பக்கம் பக்கமாகப் போட்டார்கள். சரிபார்க்காமல் போனதும் அதில் உண்டு. ஆனாலும் மௌனம் இல்லை. 2010 ஜனவரியில் டப்ளினில் நிரந்தர மக்கள் தீர்ப்பாயம் இலங்கை அரசின் போர்க்குற்றங்களைப் பற்றி முடிவு சொன்னபோது, அதுவும் கோலாலம்பூர்த் தீர்ப்பாயம் போலவே யாரையும் கட்டுப்படுத்தாத ஒன்றுதான். அதற்காக அதை நாடகம் என்று நாம் ஒதுக்கவில்லை. ஈராக்கியருக்கு நம் மேசையில் அப்படியொரு தொலைபேசி இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

2022 பிப்ரவரி 24ஆம் தேதி ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்தபோது 2(4) பிரிவு திடீரென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முதல் நாளிலிருந்தே மேற்கத்திய ஏடுகளில் அது சட்டவிரோதப் படையெடுப்பு. மார்ச் 2ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் கண்டனத்துக்கு ஓட்டளித்தன, மலேசியாவும் அதில் ஒன்று. சட்டம் சாதாரண வாசகருக்குப் புரியாது, சுவை இருக்காது என்று இருபது வருடம் சொன்ன சாக்கு அன்றோடு செத்துப்போனது. இந்த முறை வெள்ளை மாளிகையே சாசனத்தை மேற்கோள் காட்டியது, ஆகவே எல்லாரும் காட்டினார்கள். அந்த ஆண்டு மே மாதம் டல்லாஸில் பேசிய புஷ், துளியும் நியாயமில்லாத, கொடூரமான ஈராக் படையெடுப்பு என்று வாய் தவறிச் சொல்லி, உடனே உக்ரேன் என்று திருத்திக்கொண்டார். கூட்டம் சிரித்தது. அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. ஆயுள் முழுதும் கண்டுகொள்ளப்படாத ஒரு தீர்ப்புக்கு அவரே இலவச விளம்பரம் தந்ததாக பிரிக்பீல்ட்ஸில் ஒரு நண்பர் சொன்னார்.

நம் அரசைப் பற்றியும் கேட்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 2018இல் துன் மகாதீர் மறுபடி பிரதமரானார். 2019 மார்ச்சில் மலேசியா ரோம் சாசனத்தில் சேர்ந்தது. அதாவது அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பியம். மலாய் ஆட்சியாளர்களின் நிலைக்கு ஆபத்து என்று எதிர்ப்பு கிளம்பியதும், ஏப்ரல் 5ஆம் தேதி விலகுவதாக அவரே அறிவித்தார். போரைக் குற்றமாக்குவோம் என்ற முழக்கத்தையும் இந்த விலகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியவர்கள் மிகச் சிலர்.

அதைவிட எனக்கு உறுத்துவது ஏமன். 2015இல் சவூதி தலைமையிலான கூட்டணி ஏமனைக் குண்டுவீசித் தாக்கத் தொடங்கிய பிறகு, மலேசியப் படையினர் சவூதிக்கு அனுப்பப்பட்டார்கள். மலேசியர்களை வெளியேற்ற உதவுவதற்குத்தான், சண்டைக்கு அல்ல என்று அரசு சொன்னது. மூன்று ஆண்டுகள் அவர்கள் அங்கே இருந்தார்கள். எந்தச் சட்டத்தின் கீழ், யார் அனுமதியோடு, என்ன வேலைக்கு என்று நம் நாளிதழ்களில் தொடர்ந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை, தமிழ் நாளிதழ்கள் உட்பட. 2018 ஜூனில், ஆட்சி மாறிய பிறகு, புதிய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு படையினரைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார். அன்றைக்குத்தான் அது செய்தியானது. அமைச்சர் சொன்னார், நாங்களும் போட்டோம். ஆறு பாரா, அமைச்சர் படத்தோடு.